டோஸ்ட்லர் வழக்கு: ‘மேலிடத்து ஆணை’ ஏன் எடுபடவில்லை?

அன்புள்ள தம்பி,

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நீ எழுதிய வாதுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட 15 அமெரிக்க வீரர்களைச் சுடச்சொன்ன ஜெர்மன் ஜெனரல் அன்டன் டோஸ்ட்லரை ‘ஹிட்லர் சொன்னதைச் செய்தவர்’ என்று நிறுத்தியிருக்கிறாய். எதிர்த்தரப்பு உன்னை மடக்கப்போவது அங்கேதான். 1910-இல் பவேரிய ராணுவத்தில் சேர்ந்தவர். ருஷ்யப் போர்முனையில் 57-வது காலாட்படை டிவிஷனை நடத்தியவர். 1944-இல் இத்தாலியில் 75-வது கோர் கமாண்டர். ஆணையைப் படித்துப் பொருள் காணத் தெரியாத ஆளில்லை.

1944 மார்ச் 22 இரவு, இத்தாலியில் லா ஸ்பெத்சியாவுக்கும் ஜெனோவாவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்தைத் தகர்க்க 15 அமெரிக்கர்கள் படகில் கரையேறினார்கள். 2 அதிகாரிகள், 13 வீரர்கள்; எல்லோரும் சீருடையில். சீருடைதான் இந்த வழக்கின் அச்சாணி. சாதாரண உடையில் பிடிபட்டிருந்தால் ஒற்றர்கள் என்று வாதாட இடமிருக்கும், அப்போதும் விசாரணை நடத்தியே ஆகவேண்டும். இவர்களுக்கு எந்த விசாரணையும் இல்லை. 24-ஆம் தேதி பிடிபட்டார்கள். 26 காலை புன்டா பியாங்காவில் சுடப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள்.

இடைப்பட்ட நேரத்தை வாதுரையில் விரிவாக எழுது. சுடச்சொல்லி டோஸ்ட்லரின் தந்தி வந்ததும் பிரிகேட் கமாண்டர் கர்னல் ஆல்மெர்ஸ் காலம் கடத்தப் பார்த்தார், தொலைபேசியிலும் மன்றாடினார்கள். டோஸ்ட்லர் அசையவில்லை. அவருடைய அலுவலகத்திலேயே இருந்த அதிகாரி டோனா-ஷ்லோபிட்டன் அந்த ஆணையில் கையெழுத்துப் போட மறுத்தார். அவருக்குப் போனது பதவி, உயிரல்ல. ‘மறுத்திருந்தால் டோஸ்ட்லரையே சுட்டிருப்பார்கள்’ என்ற உன் வரியை இதற்குப் பிறகும் வைத்துக்கொள்ள முடியாது.

ஹிட்லரின் 1942 அக்டோபர் 18 கமாண்டோ ஆணையையும் முழுதாகப் படி. கமாண்டோக்களை, அதாவது ஊடுருவித் தாக்கும் எதிரிப் படையினரை, சண்டையிலோ தப்பி ஓடும்போதோ கொல் என்கிறது. வேறு வழியில் ராணுவத்தின் கைக்கு வருபவர்களைப் நாஜிகளின் உளவு-பாதுகாப்புப் பிரிவான எஸ்.டி.யிடம் ஒப்படை என்கிறது. ஆக, அந்தக் கொடூர ஆணையின் எழுத்தைப் பார்த்தால்கூட டோஸ்ட்லர் செய்தது முழுக்க அதற்குள் அடங்காது.

பழிக்குப் பழி என்ற வாதத்தை விட்டுவிடு. போர்க்கைதிகள் மீது பழிவாங்கலை 1929 ஜெனிவா ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு அடியோடு தடுக்கிறது. ஜெர்மன் ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47-வது பிரிவும், குற்றம் என்று தெரிந்தே ஆணையை நிறைவேற்றியவனுக்குத் தண்டனை உண்டு என்றே சொல்கிறது.

உனக்குக் கொஞ்சமாவது தெம்பு தருவது அதிகார வரம்பு வாதம். டோஸ்ட்லரும் போர்க்கைதி, எனவே அதே ஜெனிவா ஒப்பந்தத்தின் 63-வது பிரிவின்படி, அமெரிக்க வீரர்களை விசாரிப்பது போன்ற ராணுவ நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று அவர் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். கைதியான பிறகு செய்யும் குற்றங்களுக்கே அது பொருந்தும் என்று ரோமில் கூடிய அமெரிக்க ராணுவ ஆணையம் தள்ளிவிட்டது. விவாதிக்க இடமுள்ள முடிவுதான் என்பது என் கருத்து. 1946-இல் ஜப்பானிய ஜெனரல் யமஷிதா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது, இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அந்த மாறுபட்ட தீர்ப்புகளிலிருந்து வாதத்தை எடு.

தேதிகளையும் திருத்திக்கொள்: விசாரணை 1945 அக்டோபர் 8 முதல் 12 வரை, அவெர்சாவில் சுட்டுக்கொல்லப்பட்டது டிசம்பர் 1. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் தீர்ப்பு வர இன்னும் பத்து மாதம் இருந்தது, அதை இங்கே முன்னுதாரணமாகக் காட்டாதே.

அன்புடன்,
அண்ணன்