உங்கப்பா ரேசர்

மன்னார்குடி
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாக மூச்சே காணோம் என்று திட்டியிருப்பாய். திட்டு. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கண்ணாடிக்காரர் இன்னும் பணம் தரவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே.

விஷயம் உங்கப்பா ரேசர்.

வீட்டைக் காலி செய்தபோது, "உன் பைத்தியத்துக்கு ஆகும், வச்சுக்கோ" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தாயே, அதை ஆடியில்தான் கையில் எடுத்தேன். சோப்பு காய்ந்து காய்ந்து, தலைப்பகுதி முழுக்கச் சுண்ணாம்பு பூசினமாதிரி இருந்தது. அடிக்குமிழைத் திருகினால் மேலே பிளேடை மூடியிருக்கும் இரண்டு கதவும் விரியணும். அசையவே இல்லை. சரஸ்வதி புளியும் சாம்பலுமாக வந்து நின்றாள். பிடுங்கி ஒளித்து வைத்தேன். உள்ளே பித்தளை, மேலே மெல்லிசாக நிக்கல் முலாம். குத்துவிளக்கு மாதிரி தேய்த்தால் முலாம் போயே போச்சு. போன வருஷம் ஒரு தங்க முலாம் ரேசருக்கு நான் பாலிஷ் போட்டு, தங்கமெல்லாம் துணியில் வந்த கதைதான் உனக்குத் தெரியுமே. சிரிக்காதே.

ஆகவே வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு, பழைய பல் பிரஷ். ராத்திரி ஊறவைப்பேன், காலையில் தேய்ப்பேன். குறடு வைத்துத் திருகிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. நாலாம் நாள் குமிழ் 'கிளுக்' என்று தானாக இளகிக் கதவு திறந்தது. உள்ளே கட்டிச் சோப்பு, அதில் ஒட்டிக்கொண்டு நரைமுடித் துணுக்குகள்.

கொஞ்ச நேரம் கழுவத் தோன்றவில்லை. சன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஓடாதீங்கடா, கை ஆடுது" என்று நம்மை விரட்டுவாரே. அப்புறம் கழுவிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்கணும். மன்னித்துக்கொள்.

இன்னும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அழுக்குப் போனதும் தலைக்கு அடியில் ஒரு பக்கம் 'டி', மறுபக்கம் '3' தெரிந்தது. அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களில் வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1951க்கு 'டபிள்யூ', 1954க்கு 'இஸட்', 1955ல் மறுபடி 'ஏ'. 'டி' என்றால் 1958. மூன்று என்றால் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள். கைப்பிடி நுனி பாவாடை மாதிரி விரிந்திருக்கிறது, அந்த வடிவமும் ஐம்பதுகளின் நடுவில் வந்ததுதான்.

உங்கப்பா கல்யாணம் 1954 தையில்.

"மாமனார் போட்ட ரேசர்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! "மோதிரம் போடாதவர் ரேசரா போட்டார்?" என்று நீ வம்பிழுப்பாய். பூதக்கண்ணாடி வைத்து நாலு தடவை பார்த்துவிட்டேன். 'டி'தான்டா. 1957ல் அந்நியச் செலாவணி முடை வந்து இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் செய்த அமெரிக்க ரேசர் நம் கடைத்தெருவில் எப்படிக் கிடைக்கும்? சுங்கவரி இல்லாத துறைமுகத்தில் இருந்தவர் நம் தெருவில் ஒருவர்தான். பினாங்குச் சித்தப்பா. அவர் கடைசியாக வந்தது 1960 தீபாவளிக்கு. வயல் சண்டை அதற்கப்புறம்.

அந்தப் பேரை எடுத்தாலே இலையை மூடிவிட்டு எழுந்துபோன மனுஷன் உங்கப்பா. தினமும் காலையில் கையில் எடுத்தது இதையா? நான் கதை கட்டுகிறேனோ என்னவோ. வேறு யாராவது கப்பலில் வந்தவர் கொடுத்திருக்கலாம். திருவாரூர் அத்தைக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறு வயதில் அவங்களைப் போய்க் கிளறணுமா? அது உன் பாடு. இதற்குத்தான் நாலு மாசம் வாயைத் திறக்கவில்லை.

விரல் பட்ட இடத்தில் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. புது முலாம் போடலாம் என்றார் மாப்பிள்ளை. மாட்டேன் என்றேன். குமிழுக்குள் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன். புது பிளேடு போட்டு, உன்னைக் கேட்காமல் ஒரு நாள் ஷேவும் செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்று சரஸ்வதி ஒரே சத்தம். கன்னம் வழவழவென்று இருக்கிறது.

கூரியரில் போட மாட்டேன். பொங்கலுக்கு வந்து கையில் வாங்கிக்கொள்.

உன்,
ராமு