யுனைடெட் தோற்கட்டும், 66 பவுண்டைப் பார்த்துச் சிரிக்காதே

ஈப்போ,
2 ஜனவரி 2025

அன்புள்ள கயல்,

திங்கட்கிழமை இரவு நியூகாசலிடம் மான்செஸ்டர் யுனைடெட் 2–0 என்று தோற்றதும் நீ அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. ஃபாரஸ்ட், போர்ன்மத், நியூகாசல் என்று பிரீமியர் லீக்கில் வரிசையாக மூன்று அணிகள் அவர்களுடைய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குள் வந்து வென்றுவிட்டுப் போயிருக்கின்றன. 19 ஆட்டங்களில் 22 புள்ளிகள், பட்டியலில் 14ஆவது இடம். நம் லிவர்பூல் முதலிடத்தில் இருக்கிறது. மான்செஸ்டரில் வேலை பார்த்துக்கொண்டு, சுற்றிலும் சிவப்புச் சட்டைக்காரர்கள் நடுவில் நம் அணியை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறாயே, உனக்கு இந்தச் சிரிப்பு வேண்டியதுதான். செப்டம்பர் முதல் தேதி அங்கேயே நாம் 3–0 என்று வென்றபோது எனக்கும் விடியும்வரை தூக்கம் வரவில்லை. நம் டியாஸ் போட்ட இரண்டு கோல்களும் அவர்களுடைய கசேமிரோ பந்தைப் பறிகொடுத்ததில் பிறந்தவை. நம் சாலா போட்ட மூன்றாவதை இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உன் பதிவின் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. யுனைடெட் டிக்கெட்டை 66 பவுண்டாக்கியதைச் சொல்லி, "அவர்களுக்கு நன்றாக வேண்டும்" என்றாய். யாருக்கு வேண்டும், கயல்?

அந்தக் கிளப்பின் மேலிடம் செய்த குளறுபடிகளைச் சொல்லிச் சிரி, நானும் சேர்ந்துகொள்கிறேன். மே மாதம் அவர்களுடைய பயிற்றுநர் தென் ஹாக் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். அவருக்குப் பதிலாக வேறு ஆட்களிடம் பேசிப் பார்த்துவிட்டு, ஜூலையில் அவருக்கே ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். கோடையில் அவர் கையில் ஆட்டக்காரர்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, லீக்கில் ஒன்பது ஆட்டங்கள் முடிந்ததும் அக்டோபர் 28ஆம் தேதி வெளியே அனுப்பினார்கள். டேன் ஆஷ்வொர்த்தை நியூகாசலிடமிருந்து பெற மாதக்கணக்கில் காத்திருந்து, ஜூலையில் விளையாட்டு இயக்குநர் பதவியில் அமர்த்தி, டிசம்பர் 8ஆம் தேதி அனுப்பிவிட்டார்கள். பெரிய சம்பளம் வாங்குபவர்கள் எடுத்த முடிவுகள் இவை. அவர்களே பதில் சொல்லட்டும்.

பதில் சொன்னது யார் என்று பார். சுமார் 250 ஊழியர்களின் வேலை போனது. அவர்களில் ஒருவரும் ஆட்டக்காரர்களை வாங்கவில்லை, பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு பருவத்தின் நடுவே, மிச்சமுள்ள டிக்கெட்டுகளுக்கு ஒரே விலை, 66 பவுண்டு என்றார்கள். சிறுவனுக்கும் அதே விலை, ஓய்வூதியத்தில் வாழும் பெரியவருக்கும் அதே விலை. அதற்கு முன்பு பெரியவர்களுக்கு 40 பவுண்டிலும் பிள்ளைகளுக்கு 25 பவுண்டிலும் டிக்கெட் கிடைத்தது. ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டத்துக்குப் போனால் 198 பவுண்டு! இதில் நமக்கு என்ன வெற்றி இருக்கிறது?

இது நேற்று முளைத்த நோயும் அல்ல. 2005இல் கிளேசர் குடும்பம் அந்தக் கிளப்பைச் சுமார் 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அதற்காக வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. கடனே இல்லாமல் இருந்த கிளப் அன்றிலிருந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் அந்த ஆண்டே எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். தலைமுறையாக நேசித்த கிளப்பை விட்டுவிட்டுப் போக எவ்வளவு வலித்திருக்க வேண்டும்!

இதே வேலையை நமக்கும் செய்தார்கள். 2010இல் நீ சின்னப் பிள்ளை, நினைவிருக்காது. 2007இல் ஹிக்ஸும் ஜில்லெட்டும் நம் கிளப்பின் உரிமையாளர்களாக வந்தார்கள். அறுபது நாளில் புதிய மைதானத்துக்கு மண்வெட்டி இறங்கும் என்றார்கள். இறங்கவே இல்லை. அவர்களுடைய கடன்தான் கிளப்பின் மேல் இறங்கியது. நம் நல்ல ஆட்டக்காரர்களில் அலோன்சோ போனார், மாஸ்கரானோ போனார். 2010 செப்டம்பரில் நான்காம் நிலை அணியான நார்தாம்டனிடம் நம் மைதானமான ஆன்ஃபீல்டிலேயே தோற்று லீக் கோப்பையிலிருந்து வெளியேறினோம். அக்டோபர் 3ஆம் தேதி பிளாக்பூலிடம் தோற்றபோது இருபது அணிகளில் 18ஆவது இடம். கிளப் திவாலாகிவிடுமோ என்று பயந்துகொண்டு கிளப்பின் விற்பனை வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் செய்திக்காக உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் 15ஆம் தேதி 300 மில்லியனுக்குக் கைமாறிய பிறகுதான் மூச்சு வந்தது.

உன் மாமா அப்போதும் யுனைடெட் பைத்தியம்தான். நார்தாம்டன் தோல்விக்கு என்னை வாட்டி எடுத்தான். ஆனால் ஹிக்ஸ், ஜில்லெட் விஷயத்தில் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அந்த ஆண்டுதான் ஓல்ட் டிராஃபோர்டில் கிளேசர்களை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் பச்சையும் பொன்னிறமுமான துண்டுகளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நியூட்டன் ஹீத் என்ற பெயரில் அந்தக் கிளப் பிறந்த காலத்து நிறங்கள் அவை. மாமாவும் அப்படி ஒரு துண்டை வரவழைத்து வைத்திருந்தான்.

இப்போதைய நம் உரிமையாளர்களும் விலையில் கை வைத்துப் பார்த்தவர்கள்தான். 2016இல் புதிய மெயின் ஸ்டாண்டில் 77 பவுண்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். பிப்ரவரி 6ஆம் தேதி, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டம். 2–0 என்று முன்னிலையில் இருக்கும்போது, சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். வென்றுகொண்டிருக்கும் ஆட்டத்தை விட்டு எழுந்து போவது லேசான காரியமா? அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த 77 பவுண்டு விலையைக் கைவிட்டார்கள். நம் கிளப்பின் கோப்பைகளுக்கு இணையாக நான் பெருமைப்படும் நாள் அது.

அதனால்தான் சொல்கிறேன். யுனைடெட்டின் 66 பவுண்டு அங்கே செல்லுபடியானால், அடுத்த ஆண்டு அதே விலையை நம்மிடமும் கேட்பார்கள். 2021இல் பணக்காரக் கிளப்புகளுக்கென்று தனியாக ஒரு ஐரோப்பிய சூப்பர் லீக் என்று இரண்டு கிளப்புகளின் முதலாளிகளும் கைகோத்துக்கொண்டுதான் வந்தார்கள். அந்தக் கோபத்தில் மே 2ஆம் தேதி யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததில் நம்முடன் நடக்க வேண்டிய ஆட்டமே தள்ளிப்போனது. முதலாளிகள் ஒன்றுசேரத் தயங்குவதில்லை, ரசிகர்கள் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஆன்ஃபீல்டில் ஆட்டத்துக்கு முன்பு டிக்கெட் விலையை எதிர்த்து இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து நிற்கப்போகிறார்கள் என்று படித்தேன். நீ உன் தோழி வீட்டில் ஆட்டம் பார்க்கப்போவதாகச் சொன்னாய். அவளுடைய அப்பா பல காலமாக யுனைடெட் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் என்றும் சொன்னாய். அவரிடம் பேச்சுக் கொடு, 66 பவுண்டைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் உயிரிழந்த 1958 மூனிக் விமான விபத்தைப் பற்றி யாராவது கேலிப் பாட்டு எடுத்தால், நம் ஆளாகவே இருந்தாலும் எழுந்து கண்டி. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரைப் பறிகொடுத்த நமக்கு அந்தப் பாட்டு வாயில் வரக்கூடாது.

ஆட்டம் தொடங்கியதும் இரக்கமே வேண்டாம். சாலா மூன்று கோல் போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே நள்ளிரவு 12.30க்குத்தான் ஆட்டம். மாமாவும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இடைவேளையில் கூப்பிடு, அவனையும் பேச வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா