இடம் நிரப்பவா மூன்று வரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'லோக்கல் ரயிலையும் தண்ணீர்க் குழாயையும் மூன்று வரியில் எழுதிவிட்டால் அது ஹைக்கூ ஆகிவிடாது.' ஜப்பானிய மூன்று வரிக் கவிதையான ஹைக்கூ பற்றிப் போன வார இலக்கியப் பக்கத்தில் வந்த இந்த வரி மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. மும்பையில் இருந்துகொண்டு நாங்கள் வேறு எதை எழுதுவது?

பனித்துளியும் பட்டாம்பூச்சியும் இருந்தால்தான் ஜப்பானியக் கவிதையா? பேனும் தெள்ளுப்பூச்சியும் கடிக்க, தலைமாட்டில் குதிரை மூத்திரம் பெய்ததை ஹைக்கூ மேதை பாஷோவே பாடியிருக்கிறார். கையைத் தேய்க்கும் ஈயை அடிக்காதே என்றார் இன்னொரு ஹைக்கூ கவிஞர் இஸ்ஸா. மனிதர்களின் அன்றாடப் பாட்டுக்கென்றே சென்ரியு என்ற ஜப்பானியக் கவிதை வடிவம் இருக்கிறது. அதற்கு, ஹைக்கூவில் வருவதுபோல் பருவகாலத்தைக் குறிக்கும் சொல்கூட வேண்டாம். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துச் சாதாரண ஜனங்கள் எழுதியதிலிருந்து, அந்த வடிவத்துக்குப் பெயர் தந்த கராய் சென்ரியு என்பவர் தேர்ந்தெடுத்தவை 1765-லேயே தொகுப்பாக வந்துவிட்டன. 1916-இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியது உங்களுக்குத் தெரியாததல்ல. இதெல்லாம் தெரிந்த உங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு வரி வரலாமா?

வேலை முடிந்து தாதரில் ஏறி, டோம்பிவிலி வரை பெரும்பாலும் நின்றபடியே வருகிறவள் நான். லேடீஸ் பெட்டியில் ஏறியதுமே 'எங்கே இறங்குவீங்க?' என்று கேட்டு, உட்கார்ந்திருப்பவரின் இடத்தைச் சொல்லி வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு நாள், டோம்பிவிலிக்கு முன்பே வரும் முலுண்ட் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவளைப் பார்த்து எழுதியது இது:

முலுண்டில் இறங்குபவள்
தூங்குகிறாள், விழித்திருக்கிறேன்
அவளுக்காகவும்

இதைத்தான் முன்பொரு முறை உங்கள் இதழுக்கு அனுப்பினேன். விளம்பரத்துக்குக் கீழே மிஞ்சிய இடத்தில், மூன்று வரியையும் ஒரே வரியாகச் சேர்த்து, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டு, பெயரில்லாமல் வெளியிட்டீர்கள். அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. வந்ததே பெரிது என்று அம்மாவிடம் காட்டினேன். 'உன் பேர் எங்கேடி?' என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழையில் தண்டவாளம் மூழ்கினால் மட்டும் மும்பைத் தமிழர்களின் நினைவு உங்களுக்கு வருகிறது. சிறப்பிதழ் என்றால் சென்னைக்காரர்கள் போதும். எங்கள் சால் எனப்படும் வரிசை வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கி, படித்தபின் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறவர்கள் இருக்கிறோம் ஐயா.

அதிகம் கேட்கவில்லை. இனிமேல் யாருடைய மூன்று வரியை வெளியிட்டாலும் மூன்று வரியாகவே போடுங்கள். கீழே எழுதியவர் பெயரையும் ஊரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
டோம்பிவிலி