கேட்டைப் பூட்டும் பையன்கள்

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் எண்ணெய்க் கம்பெனி பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தும் ஊர்ப் பையன்கள் வந்து கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள், நன்றி கெட்ட ஜனங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

நீ நைஜீரியாவின் நைஜர் டெல்டாவுக்குப் போன பிறகு நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அங்கே ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது 1956-இல். இரண்டே வருஷத்தில் கப்பல் ஏறிவிட்டது. மீன் பிடித்தும் மரவள்ளி போட்டும் பிழைத்தவர்களுக்கு மிஞ்சியது எண்ணெய் படிந்த ஓடையும் ராப்பகலாக எரியும் வாயுவும்தான். ஆயுதம் எடுக்காமல் நியாயம் கேட்டார் அந்தப் பக்கத்து எழுத்தாளர் கென் சாரோ-விவா. 1995 நவம்பரில் அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் ராணுவ அரசு தூக்கில் போட்டது. அப்புறம் வந்த பையன்கள் குழாயை உடைத்தார்கள், ஆட்களைக் கடத்தினார்கள். 2009-இல் பொதுமன்னிப்பு வந்தது. ஆயுதத்தை ஒப்படைத்தவனுக்கு மாதம் 65,000 நைரா. துப்பாக்கியே தொடாமல் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு? அவன் இதில் என்ன பாடம் படித்திருப்பான் என்று ஒரு வாத்தியாருக்குத் தெரியாதா? கத்துகிற பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் கொடுத்தால் வகுப்பே கத்தும்.

கம்பெனிகளும் அதைத்தான் செய்து பழகிவிட்டன. கலாட்டா செய்கிறவனுக்குக் காவல் காண்டிராக்ட், ஊர்ப் பெரியவருக்குத் தனியாக ஒரு கவர். பெரியவர் வாங்கியது தெரிந்த பிறகு பையன்கள் அவர் பேச்சை எப்படிக் கேட்பார்கள்?

நம் பக்கத்திலும் ஒரு கம்பெனி தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்ததே, பார்த்திருக்கிறாய். பெயர் மட்டும் ரோட்டிலிருந்தே படிக்கலாம். மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஒருவரும் பேசவில்லை. இப்போது அந்தக் குழாயில் ஆடு கட்டுகிறார்கள். மேட்டு ஊற்றிலிருந்து குழாய் இறக்கினால் மோட்டாரே வேண்டாம் என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. செலவுக் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்திருக்கும்.

அங்கே 2021-இல் வந்த பெட்ரோலியச் சட்டப்படி, கம்பெனி முந்தைய வருஷம் நடத்தும் செலவாகப் போட்ட தொகையில் 3 சதவீதத்தை ஊர் அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டுமாமே. நல்லதுதான். ஆனால் யாராவது குழாயை உடைத்தால் ரிப்பேர் செலவை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. நாலு பேர் செய்ததற்கு ஊரே தண்டம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உடைத்தவன் அப்போதும் வெளியில்தான் திரிவான்.

உன்னால் சட்டத்தை மாற்ற முடியாது, சரி. அந்த அறக்கட்டளையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், முப்பது வயதுக்குள் ஒருத்தராவது உண்டா, பெண்கள் உண்டா என்று விசாரி. கணக்கை ஊர்ச் சுவரில் ஒட்டச் சொல். வெல்டிங் பயிற்சி கொடுத்தோம் என்று போட்டோ எடுக்கிறீர்களே, கற்றுக்கொண்டவர்களில் எத்தனை பேரை உங்கள் யார்டிலேயே வேலைக்கு வைத்தீர்கள்? இதற்குப் பதில் எழுது.

கேட்டைப் பூட்டிய பையன்களிடம் நீயே போய்ப் பேசு. போலீஸைக் கூட்டிக்கொண்டு போகாதே. ஊர்க்காரர் ஒருவர் துணையோடு பகலில் போ. இருட்டின பிறகு படகில் போகச் சொன்னால், யார் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா