வெயில் அடித்தும் ஏன் திருப்பி அழைத்து வந்தோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மூன்று நாள் கொட்டிய பனி நின்று வெயிலும் வந்துவிட்டது, பிறகும் அபர்வாத் மலையின் பின்சரிவுக்கு அழைத்துப் போகவில்லையே" என்று சென்ற வாரம் குல்மார்க் வந்தவர்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கோண்டோலா என்னும் ரோப்காரில் அவ்வளவு உயரம் ஏறிவிட்டு, சறுக்காமல் இறங்குவது யாருக்கும் கசக்கும்.

பனி ஓய்ந்த முதல் இரண்டு நாள்கள்தாம் எங்களுக்குப் பயம். புதுப்பனியின் பாரத்தைத் தாங்க வேண்டியது அடியில் கிடக்கும் பழைய பனி. காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்று சொல்லும், டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரில் பனி குறைவாக விழுந்திருந்தால், தரையின் சூட்டுக்கும் மேலே உறையும் குளிருக்கும் இடையில் அகப்பட்டு அந்த அடிப்பனி சர்க்கரையாக உதிர்ந்துவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் வழியும். அதன் மேல் காற்று இறுக்கிய பனி பலகையாகக் கிடக்கும். ஒருவர் ஏறி நின்றால் போதும், பலகை முழுதும் நழுவலாம். சறுக்குகிறவர்களுக்குப் பிடித்த 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பனியும் நழுவும் என்பது எங்கள் வயிற்றெரிச்சல்.

அடிப்பனி தாங்குமா என்று பார்க்க அன்று காலை வழிகாட்டி குழி வெட்டியதைப் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனத்தில் பனியைத் தூணாக அறுத்து, ஓர் ஓரத்தில் மண்வாரியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. பதின்மூன்றாவது தட்டிலேயே வெடிப்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடி, மேலடுக்கு அப்படியே அவர் மடியில் வந்து விழுந்தது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தூண் உடையாமல் நின்றிருந்தாலும் அதை மட்டும் நம்பிப் போயிருக்க மாட்டோம். இருபது அடி தள்ளினால் பனி வேறாக இருக்கும். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அபர்வாத்தில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

கோண்டோலா டிக்கெட் பணம் எங்கள் கையில் இல்லை. வழிகாட்டிக் கட்டணத்தில் பாதியை அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்கிறோம். அப்போது, பனியில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவியான டிரான்சீவரை உடலோடு சேர்த்து மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசி அதன் பக்கத்தில் வேண்டாம். பனிக்குள் புதைந்தவரைத் தேடி எடுக்கக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். சென்ற வாரம் இருவர் டிரான்சீவரை முதுகுப்பையின் அடியில், சப்பாத்திப் பொட்டலத்துக்கும் கீழே வைத்திருந்தார்கள்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டாளர்கள்