டாப்சிலிப் முகாம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

நாள்: 05.12.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை ஜனவரி 22 வியாழன் முதல் 24 சனி வரை ஆனைமலையில் உள்ள டாப்சிலிப்புக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். இரண்டு இரவுத் தங்கல். உடன் வரும் ஆசிரியர்கள் நால்வர். அவர்களில் இருவர் ஆசிரியைகள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் வனத்துறையின் அனுமதியும் எழுத்தில் கைக்கு வந்த பிறகே பேருந்துக்கு முன்பணம் கட்டுவோம். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் பயணம் இல்லை, கட்டிய பணம் முழுவதும் திரும்பும்.

முகாம் என்றதும் வகுப்பில் கூடாரப் பேச்சாகவே இருக்கிறது. கூடாரம் கிடையாது. புலிகள் காப்பகத்துக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை விடுதியின் டார்மிட்டரியில்தான் படுக்கை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி அறை. அங்கிருந்து நடந்து பார்க்கப்போகும் கரியன்சோலை என்ற காடு, இந்திரா காந்தி தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. அக்காமலைப் புல்வெளி, மஞ்சம்பட்டி இரண்டையும் சேர்த்து அந்தப் பூங்கா 117 சதுர கிலோமீட்டர். நாம் போவது கரியன்சோலைக்கு மட்டும், அதுவும் வனத்துறை வழிகாட்டி முன்னால் நடந்தால்தான். அன்றைக்கு அந்தப் பாதையில் யானை நிற்கிறது என்றால் நடை ரத்து. அதற்காக யாரிடமும் வாதாட மாட்டோம்.

ஏன் ஜனவரி என்று கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்து காட்டுத்தீ பயம் தொடங்கும், நடைபாதைகளை மூடிவிடுவார்கள். மழை மாதங்களில் அட்டைப்பூச்சித் தொல்லை. பொங்கல் விடுமுறையில் கூட்டம் நெரியும். இடையில் மிஞ்சுவது தை மாதத்தின் இந்த இரண்டு வாரம்தான்.

பேருந்து வியாழன் அதிகாலை 4 மணிக்குப் பள்ளி வாசலில் புறப்படும். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழி, 400 கிலோமீட்டருக்கு மேல். சாப்பாடு, கழிப்பறை நிறுத்தங்களைச் சேர்த்தால் சேத்துமடை வனத்துறை செக்போஸ்ட்டைப் பிற்பகல் 3 மணிவாக்கில் தொடலாம். மாலை 6 மணிக்குமேல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். கையில் மூன்று மணி நேரம் மிச்சம் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறோம். ஒரு டயர் பஞ்சரானாலும் தாங்கும், 5 மணிக்குப் புறப்பட்டால் அந்த மிச்சத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். எனவே 3.45க்குப் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். "இதோ வந்துகொண்டிருக்கிறோம்" என்ற போனுக்காக வண்டி நிற்காது. இரவுப் பயணம் வேண்டாம் என்று முடிவு செய்ததால்தான் இந்த அதிகாலை நேரம், ஓட்டுநரும் இருவர். சேத்துமடையிலிருந்து மேலே வளைவுப் பாதை. வாந்தி வரும் பிள்ளை என்றால் படிவத்தில் எழுதுங்கள், முன் இருக்கை ஒதுக்குகிறோம். அன்று காலை இட்லி போதும், பூரி வேண்டாம்.

இனி பை. இந்தக் கடிதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: பையைப் பிள்ளையே கட்டட்டும். அம்மா கட்டிக்கொடுத்த பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரவு கழிப்பறைக்கு எழும்போது அதைத் தேடி மொத்தப் பையையும் இருட்டில் கொட்டும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆறு பேரும் எழுந்துவிடுவார்கள். நீங்கள் அருகில் உட்கார்ந்து பட்டியலைப் படியுங்கள்; எடுத்து வைப்பது பிள்ளையின் கை. எடை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

டாப்சிலிப் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். உயரத்தால் மட்டும் நான்கைந்து டிகிரி குறையும். அதோடு மேகமில்லாத தை மாத இரவில் நிலம் வேகமாகக் குளிர்ந்துவிடும். மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய குளிர்தான். தடித்த ஒரே ஜாக்கெட்டைவிட ஒன்றின்மேல் ஒன்றாகப் போட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது: உள்ளே பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கும் மேலே ஒரு ஸ்வெட்டர். நடக்கும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். வியர்வையில் நனைந்தபடி உட்கார்ந்தால்தான் நடுக்கம் வரும். காது மூடும் குல்லா ஒன்று, போர்வை ஒன்று. ஜீன்ஸ் நனைந்தால் ஒரு நாளில் காயாது, வேண்டாம். நிறம் காக்கி, பழுப்பு, இலைப்பச்சை. வெள்ளை, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் காட்டுக்குள் ஆகாது. சென்ட், வாசனைப் பவுடரும் அப்படியே.

ஷூ விஷயத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். பயணத்துக்கென்று புது ஷூ வாங்கிக் கொடுத்தால் முதல் நாள் நடையிலேயே குதிகாலில் கொப்புளம். பழகிய பள்ளி ஷூ போதும், அடிப்பாகம் வழுவழுப்பாகத் தேயாமல் இருந்தால் சரி. வாங்கியே ஆகவேண்டும் என்றால் இப்போதே வாங்கி, தினமும் போட்டுப் பழக்குங்கள். முழங்காலுக்குப் பக்கம் வரும் காலுறை நான்கு ஜோடி; பேன்ட்டின் நுனியை அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். சோலைக்குள் ஈரம் இருக்கும் இடத்தில் ஜனவரியிலும் ஓரிரு அட்டை ஏறலாம். பிடித்து இழுக்கக் கூடாது. விரல் நகத்தை வாய்ப்பக்கம் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைக் காயத்துக்குள் விட்டிருக்கும், அதனால்தான் கசிவு சற்று நேரம் நிற்காது. சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

தின்பண்டம் பேருந்துக்கு மட்டும். முந்திரிக்கொத்து, அவல், ஏத்தங்காய் சிப்ஸ் எதுவானாலும் எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் கவர், ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில் எதையும் செக்போஸ்ட்டுக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொடுத்துவிடுங்கள். டாப்சிலிப்பில் இறங்கியதும் மிச்சப் பண்டம் அத்தனையும் ஆசிரியர் பொறுப்பில் பூட்டிய பெட்டிக்குப் போகும். விடுதியைச் சுற்றிக் குரங்கும் காட்டுப்பன்றியும் சாதாரணமாகத் திரியும். தலையணைக்கடியில் ஒளித்துவைத்த அரைப் பாக்கெட் பிஸ்கட் போதும், ஜன்னல் வழியே குரங்கு கை நீட்ட. கீரிப்பாறைக்குப் பிக்னிக் போவதுபோல் நினைத்து அண்டா, குக்கர் கொடுத்துவிட வேண்டாம். சாப்பாட்டுக்கு அங்குள்ள கேண்டீனில் முன்னதாகவே சொல்லிவைப்போம்.

கைபேசி பிள்ளைகளுக்குக் கிடையாது. அங்கே சிக்னலை நம்ப முடியாது என்பதால் ஆசிரியர்களும் சொன்ன நேரத்தில் கூப்பிட முடியாமல் போகலாம். இரவு 9 மணிக்குள் பள்ளி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட முயல்வோம்; அலுவலகம் மூன்று நாளும் அந்த நேரம்வரை திறந்திருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "எந்தத் தகவலும் இல்லையே" என்று ஒருவர் தொடங்கினால் முப்பது வீட்டில் தூக்கம் போகும். தயவுசெய்து அலுவலகத்தைக் கேளுங்கள்.

மருந்து. ஆஸ்துமா, வலிப்பு, தேனீ கொட்டினால் உடம்பு வீங்குவது, எதுவானாலும் மறைக்க வேண்டாம். அதைச் சொன்னதற்காக யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். இன்ஹேலர் உள்ளவர்கள் இரண்டு கொடுங்கள்: ஒன்று பிள்ளையின் சட்டைப் பையில், ஒன்று ஆசிரியரிடம். பெரிய மருத்துவமனை பொள்ளாச்சியில், 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளில் காய்ச்சல் கண்ட பிள்ளையை அழைத்துப் போக இயலாது. பெண் பிள்ளைகளுக்கு நாள் கணக்கு எப்படியிருந்தாலும் நாப்கின், சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள், ஒரு துணிப்பை கொடுத்துவிடுங்கள். பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவந்துதான் போடவேண்டும், ஆசிரியைகள் பார்த்துக்கொள்வார்கள்.

திரும்பி வந்த பிறகு ஒன்று. அன்றே குளிக்கச் சொல்லி, துணிகளைச் சுடுநீரில் நனைத்துத் துவையுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். காட்டுக்குப் போய்வந்த பிள்ளை என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்கரப் டைபஸ், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. அக்குள், இடுப்புப் பட்டையின் அடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் பிள்ளைக்கே தெரியாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும்.

அங்கே பார்க்கப்போவது என்ன என்பதைப் பிள்ளைகளே வந்து சொல்லட்டும். ஒன்று மட்டும். வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கி விட்டதால் வந்த பெயர் டாப்சிலிப். அப்படி மொட்டையான காட்டில் மீண்டும் தேக்கு வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1933இல் இறந்தவர். "என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார்" என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கும். அனுமதி கிடைத்தால் கோழிகமுத்தி யானை முகாமுக்கும் போவோம்.

கட்டணம் ஒரு பிள்ளைக்கு 2,900 ரூபாய். பேருந்து, தங்கல், சாப்பாடு, வனத்துறைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். கணக்கு பிப்ரவரி முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், மிஞ்சினால் பிரித்துக் கொடுப்போம். பணம் முடையென்றால் என்னை நேரில் பாருங்கள். கைச்செலவுக்கு 100 ரூபாய்க்குமேல் கொடுக்க வேண்டாம்.

ஒப்புதல் படிவமும் மருத்துவக் குறிப்பும் ஆதார் நகலும் டிசம்பர் 19 வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் வரவேண்டும். ஜனவரி 10 சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, கட்டிய பையுடன் பிள்ளைகள் பள்ளிக்கு வரட்டும். பையை முதுகில் போட்டு ஐந்து கிலோமீட்டர் நடை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "டார்ச்சை எடு" என்போம். பத்து நொடிக்குள் எடுக்க முடியாதவர்கள் அன்றே பையைப் பிரித்து மறுபடி கட்டுவார்கள்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு டாப்சிலிப்பிலிருந்து கிளம்பி, மாலை 7 மணியளவில் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவோம். மதுரை தாண்டியதும் அலுவலகத்துக்குச் சொல்வோம். அதன்பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்