வரைபடத்தின் இடது ஓரத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சர்வர் கண்காணிப்புக் கட்டுரையில் அளவுகளை வரைபடமாக்கும் கிராஃபானாவை நிறுவுவது, சர்வரின் அளவுகளைச் சேகரிக்கும் பிராமிதியஸை அதனுடன் இணைப்பது எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஆனால் கூடவே வந்த சிபியு பயன்பாட்டு வரைபடத்தில் இடது ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. 'எப்படி எகிறுகிறது பாருங்கள்' என்று கீழே ஒரு வரி வேறு. எங்கிருந்து எங்கே எகிறுகிறது?

கிராஃபானா செங்குத்து அச்சைத் தரவுக்கு ஏற்பத் தானாகவே அமைத்துக்கொள்ளும். பயன்பாடு 41-க்கும் 43-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தாலும், அந்த இரண்டு சதவீதத்தைப் பேனல் (வரைபடச் சட்டம்) முழுக்க விரித்து மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி காட்டிவிடும். பேனல் அமைப்பில் குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 100 என்று கொடுங்கள். அதே கோடு படுத்துவிடும். சதவீதத்துக்கு இது சரி. சர்வர் அறையின் வெப்பநிலைக்கு இப்படிச் செய்தால் கவனிக்க வேண்டிய ஏற்றமே தெரியாமல் போகும்.

இதைவிட ஆபத்தானது சராசரி. தினமும் காலை 10 மணிக்கு ஐந்து நிமிடம் சிபியு 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறது, மற்ற நேரம் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வரைபடத்தில் அது பளிச்சென்று தெரியும். 30 நாள் வரைபடத்தில் மணிக்கு ஒரு புள்ளி என்றால், அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி 27-க்குள் அடங்கிவிடும். மாத அறிக்கையைப் பார்க்கும் மேலாளர், 'மெஷின் சும்மாதானே கிடக்கிறது, சிபியு கோர்களின் (செயலி அலகுகளின்) எண்ணிக்கையைக் குறைத்துவிடலாமே' என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் பழைய தரவை மணிக்கு ஒன்றாகச் சுருக்கும்போது குறைந்தது, சராசரி, அதிகபட்சம் மூன்றையுமே சேமித்து வைக்கிறது. வரைபடத்தில் சராசரியை மாற்றி அதிகபட்சத்தைத் தேர்ந்தெடுத்தால் தொலைந்த உச்சம் திரும்ப வந்துவிடும். பிராமிதியஸ் கதை வேறு. ரேட் (அளவு மாறும் வேகம்) கணக்கிடும் கால அளவை 5 நிமிடம் என்று கையால் எழுதிவிட்டு 30 நாளுக்கு விரித்தால், அது மணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை மட்டும் காட்டும். மீதி 55 நிமிடம் கோட்டிலேயே வராது.

அழகுக்காக விடுபட்ட புள்ளிகளை இணைக்கும் வசதியைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. சர்வர் இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்தாலும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு போகும், யாருக்கும் சந்தேகமே வராது. அப்புறம் அலகு. 100 மெகாபிட் இணைப்பு முழுசாக நிரம்பினாலும், அலகை மெகாபைட்டில் (எட்டு பிட் ஒரு பைட்) வைத்திருந்தால் 12.5 என்றுதான் வரும். இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று தோன்றும்.

அடுத்த பகுதி லோடு ஆவரேஜ் (ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை) பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். 4 கோர் இயந்திரத்துக்கும் 32 கோர் இயந்திரத்துக்கும் ஒரே எச்சரிக்கை எண்ணைக் கொடுத்துவிட வேண்டாம். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் பிராசஸும் (இயங்கும் நிரலும்) அந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கட்டுரையாளர் சொல்ல வேண்டும். சிபியு காலியாக இருக்கும்போதே லோடு ஏறுவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். படத்தின் இடது ஓரத்தை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்